பூட்டியின் பெயர்



சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணியளவில், கனடா நாட்டின் மொன்றியல் நகரிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவன் என் தமக்கையாரின் மகள் வயிற்றுப் பேரன். பதினொரு வயதுச் சிறுவன். சுகம் விசாரித்த கையோடு அவன் கேட்டான்: "சின்ன அம்மம்மா, என்ரை அம்மம்மாவுக்கு ஒரு அம்மம்மா இருந்தாவெல்லோ, அவவின்ரை அம்மாவுக்கு என்ன பேர்?"

கேள்வியை நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். என் தாயாரைப் பெற்ற பாட்டியாருக்குத் தாயார். யாழ்ப்பாண வழக்கில் எனக்குப் பூட்டி. அவருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. தமக்கையாரிடம் கேட்டானாம். "சின்ன அம்மம்மாவைக் கேள், அவ பள்ளிக்கூடத்து அதிபர், அவவுக்குத் தெரியாதது இல்லை" என்று அவர் என் தலையிற் கட்டிவிட்டார். வரலாறு கற்பித்தவள் நான். சோழ மன்னர் வரிசையைப் பிழையின்றி ஒப்புவிக்கக் கூடியவள். ஆயினும் என் தாயின் தாயைப் பெற்றவள் பெயரைக் கேட்டபோது, "பிறகு சொல்லுகிறேன், ராசா" என்று தொலைபேசியை வைக்கவேண்டியதாயிற்று.

அந்தச் சிறுவனுக்கு இந்த ஆராய்ச்சி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அவன் படிக்கும் பள்ளிக்கூடம் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மொழிப் பள்ளிக்கூடம். வகுப்பில் ஒவ்வொருவரும் தத்தம் குடும்ப மரத்தை வரைந்து வரவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் குடும்பப் பெயர் திரம்பிளே. கியூபெக்கில் மிகப் பெருவாரியாக வழங்கும் குடும்பப் பெயர் அதுதான். அங்குள்ள திரம்பிளேக்கள் அனைவரும் பியேர் திரம்பிளே என்னும் ஒரே மனிதரின் வழிவந்தவர்கள். அவர் 1647ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்து, பத்து ஆண்டுகளின் பின், 1657இல் கியூபெக் நகரில் ஓசான் அஷோன் என்னும் பெண்ணை மணந்தவர். அந்தப் பிள்ளை தன் மரத்தின் வேரில் இந்த இருவரையும் எழுதிவிட்டதாம். முந்நூற்று அறுபதுக்கும் அதிகமான ஆண்டுகள்! நமது சிறுவனோ மூன்று தலைமுறைக்கு மேலே ஏற வழியின்றி நின்றான்.

அந்த நாட்டுப் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு இது எப்படி இயன்றது? முதற் காரணம், கோயிற் பதிவேடுகள். பிரான்சிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர், ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் பங்குக் குருவின் ஏட்டிற் பதிந்துகொண்டார்கள். 1640ஆம் ஆண்டில் கியூபெக் நகரக் கோயில் தீப்பற்றி எரிந்தபோது அந்த ஏடுகளும் எரிந்துபோயின. அப்பொழுது குருமார் என்ன செய்தார்கள் தெரியுமா? உயிரோடு இருந்தவர்களின் ஞாபகத்திலிருந்து கேட்டுக் கேட்டு அந்தப் பதிவுகளை மீண்டும் எழுதினார்கள். பிற்காலத்தில், சிப்பிரியான் தங்கே என்னும் பாதிரியார், ஊரூராகக் கிடந்த இத்தகைய ஏடுகளைத் திரட்டி, 1871 முதல் 1890 வரையில் ஏழு தொகுதிகளாகக் குடும்ப வரலாற்று அகராதி ஒன்றை வெளியிட்டார். 1966ஆம் ஆண்டு தொடங்கி மொன்றியல் பல்கலைக்கழகத்தார் அந்தப் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தொடுத்திருக்கின்றனர்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஏடுகளில் ஒரு பெண், விவாகமாகி, பிள்ளைகளைப் பெற்று, கிழவியாகி இறக்கும் வரையில், தான் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதப்பட்டாள். ஓசான் அஷோன் திரம்பிளேயை மணந்தார். ஆனால் ஏட்டில் அவர் ஓசான் அஷோனாகவே இருந்தார். விவாகப் பதிவில் மணமகளின் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும் எழுதுவது வழக்கம். ஆகவே தாய்வழியாகவும் படியேறிச் செல்லலாம். இந்த வழக்கம் 1981ஆம் ஆண்டு முதல் அந்த மாகாணத்தில் சட்டமாகவே இருக்கிறது. விவாகம் செய்துகொண்டதன் காரணமாக ஒரு பெண் தன் சட்டபூர்வமான பெயரைக் கணவன் பெயராக மாற்றிக்கொள்ள அங்கே இடமில்லை.

குடும்பப் பெயர் என்றால் அங்கே எல்லாம் ஒழுங்காக, ஒரே நேர்கோடாக வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சிப்பாய்களாக வந்தவர்களுக்குப் படையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'லாஃப்ளர்' என்றால் பூ. 'சான்சூசி' என்றால் கவலையற்றவன். இந்தப் பட்டப்பெயரை உண்மைப் பெயரோடு 'டி' என்னும் சொல்லால் இணைத்து எழுதினார்கள். 'எனப்படும்' என்பது அதன் பொருள். 'கோத்தியே எனப்படும் லாரூஷ்' என்று ஒரு குடும்பம். இன்று அதே வழியில் வந்தவர்களுள் சிலர் கோத்தியே, சிலர் லாரூஷ். நம் ஊர்களில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தால், சந்தியடி என்றும் கிணற்றடி என்றும் அடைமொழி சேர்த்து இனங்கண்டுகொள்கிறோமே, அது போன்றதுதான். அவர்கள் அதையும் ஏட்டில் எழுதிவைத்தார்கள், நாம் எழுதவில்லை.

இனி நம்முடைய வழக்கத்தைப் பார்ப்போம்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே வைப்பதே நம் முறை. கதிரவேலுவின் மகன் சின்னத்தம்பி, கதிரவேலு சின்னத்தம்பி. அவன் மகன் சின்னத்தம்பி கணபதிப்பிள்ளை. கதிரவேலு இரண்டாம் தலைமுறையில் முதலெழுத்தாகச் சுருங்கி, மூன்றாம் தலைமுறையில் மறைந்துவிடுகிறார். மேனாட்டுப் படிவத்திலே 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம்மவர் அங்கே போய் அதை நிரப்பும்போது, யாரோ ஒருவருடைய சொந்தப் பெயர் எல்லாருடைய குடும்பப் பெயராகிவிடுகிறது. என் தமக்கையாரின் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். அதிகாரிகளுக்கு இதை விளக்கி விளக்கி என் அத்தானுக்குப் பிரெஞ்சு மொழியே நன்றாக வந்துவிட்டது என்று வீட்டிற் சொல்லிச் சிரிப்பார்கள்.

கதிரவேலு முற்றாக மறைந்துவிடாமல் இருக்க நம் முன்னோர் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். பாட்டன் பெயரைப் பிள்ளைக்குப் பிள்ளைக்கு வைப்பதுதான் அது. பெயரன் என்ற சொல்தானே பேரன் ஆயிற்று, பெயர்த்திதானே பேத்தி. யாழ்ப்பாணத்திலே பாட்டனையும் பேரன் என்பார்கள். அவன் பிள்ளையின் பிள்ளையையும் பேரன் என்பார்கள். பெயர் ஒன்றானபடியால் முறைச்சொல்லும் ஒன்றாயிற்று.

இதற்குக் கண்கண்ட சாட்சி கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே கருங்கல்லில் நிற்கிறது. அங்குள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை முதலில் அமைத்தவர் முதலியார் பொன்னம்பலம். அவருடைய மனைவியார் செல்லாச்சி அம்மையார், முதலியார் குமாரசுவாமியின் மகள். இவர்களுடைய மூத்த புதல்வருக்குத் தாயின் தகப்பனார் பெயர், பொன்னம்பலம் குமாரசுவாமி. இரண்டாமவர், கோயிலைக் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன். மூன்றாமவருக்குத் தகப்பனின் தகப்பனார் பெயர். சேர் பொன்னம்பலம் அருணாசலம். மூவருக்கும் முன்னே நிற்பது தகப்பன் பெயர். செல்லாச்சி அம்மையாரின் சகோதரரோ சேர் முத்துக் குமாரசுவாமி. அவர் தகப்பன் பெயரைப் பின்னே வைத்து ஆங்கில முறையிற் குடும்பப் பெயராக வழங்கினார். அவருடைய புதல்வர், 1877இல் கொழும்பிற் பிறந்து, கலை அறிஞராக உலகெங்கும் அறியப்பட்ட ஆனந்த குமாரசுவாமி, அதையே தொடர்ந்தார். ஒரே குடும்பத்தில், ஒரே காலத்தில், பெயர் முன்னும் ஓடிற்று, பின்னும் ஓடிற்று. இன்னொரு புதுமை, அருணாசலம் அவர்கள் இந்நாட்டின் பதிவாளர் நாயகமாக இருந்தவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே.

செல்லாச்சி அம்மையாரின் பெயர் நமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், அவர் பெற்ற பிள்ளைகள் பெரியவர்கள் ஆனமையே. மற்றைத் தாய்மாரின் பெயர்கள் எங்கே போயின?

நான் பணிபுரிவது கொழும்பில் ஓர் அரசாங்கப் பாடசாலையில். தைமாதம் முதலாந் தவணைக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் தாய்மாரின் கையில் ஒரு கோவை இருக்கும். அதில் அவர்களுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னே நிற்கும். அடையாள அட்டையிலே கணவன் பெயர் நிற்கும். இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுவந்திருப்பார்கள். நானும் அப்படி ஒன்று முடித்தவள்தான். பட்டப் படிப்புச் சான்றிதழில் ஒருத்தி, சம்பளப் பட்டியலில் மற்றொருத்தி. இருபத்தைந்து வயது வரையில் என் பெயருக்கு முன்னே நின்ற என் தகப்பனாரின் எழுத்து ஒரே நாளில் இறங்கிப் போயிற்று. அன்று அதைப் பற்றி நான் வருந்தவுமில்லை, யோசிக்கவுமில்லை. எல்லாரும் செய்வதைத்தானே நானும் செய்தேன்.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கையாண்ட ஆயிரக்கணக்கான பத்திரங்களிலே, பிள்ளையின் பாட்டன் பெயரைக் கேட்கும் கூடு ஒன்று உண்டு. அவர் பிறந்த ஆண்டும் பிறந்த இடமுங் கூட எழுதவேண்டும். பிரசைத் தகுதியைத் தகப்பன் வழியால் நிறுவிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது அது. பாட்டியைக் கேட்கும் கூடு அதில் இல்லை.

ஆனால் நம்மிடத்தில் ஏடுகளே இருந்ததில்லை என்று சொல்வது சரியன்று. ஒல்லாந்தர் காலத்திலே தோம்பு என்று ஒன்று இருந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல் அது. குடும்பத்தவர் பெயர்களைத் தலைத் தோம்பிலும், காணிகளைக் காணித் தோம்பிலும் எழுதினார்கள். இவற்றோடு பாடசாலைத் தோம்பு என்றும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் இருந்த பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் மரணத்தையும் அதிற் பதிந்துவந்தார். கியூபெக்கிலே குருவானவர் செய்ததை இங்கே செய்தவர் வாத்தியார்! இதை அறிந்த அன்று எனக்கு உண்டான பெருமிதத்தை நேயர்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். எஞ்சிய தோம்புகள் கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் தோம்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். பின்பு அமெரிக்க மிசன் காலத்திலே வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களுக்கு, படிப்புக்குப் பணம் உதவிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை எல்லாரும் அப்படி வந்த பெயர்கள். ஆர்னல்ட் யார் என்று தேடி யாழ்ப்பாணத்து வீதிகளில் அலைந்தால் விடை கிடைக்காது.

கொழும்பிலே குடும்பப் பெயரை விடாமற் பிடித்துக்கொண்டவர்கள் கொழும்புச் செட்டிகள். அசரப்பா, கந்தப்பா, காசிச்செட்டி என்னும் பெயர்களைக் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கோயில்களின் ஏடுகளிலே தலைமுறை தலைமுறையாகக் காணலாம். இப்பொழுது கனடாவில் வாழும் புகழ்பெற்ற எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1943இல் இங்கே பிறந்தவர். ஒண்டாச்சி என்பது ஒரு தமிழ்ப் பெயரின் ஒல்லாந்த வடிவம் என்று சொல்வதுண்டு. அவர் பெரியவரானபின் கொழும்புக்கு வந்து, கோயிற் கல்லிலும் பழைய ஏட்டிலும் தம் குடும்பப் பெயரைத் தேடிக் கண்டு, அந்த அனுபவத்தை 1982இல் வெளிவந்த 'ரன்னிங் இன் த ஃபேமிலி' என்னும் நூலில் எழுதியிருக்கிறார்.

என் குடும்பத்துக்கு இப்படிப்பட்ட கோயில் ஏடு ஒன்றுமில்லை, நாங்கள் சைவர்கள். எங்களுக்கு இருந்தது ஒரு றங்குப்பெட்டி. வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டில், தகப்பனாரின் கட்டிலுக்குக் கீழே இருக்கும். அதற்குள் உறுதிகள் இருந்தன. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வீட்டோடு பெட்டியும் எரிந்தது. அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வீட்டாரின் சமையலறையில் ஒளிந்திருந்தபோது, "உறுதியெல்லாம் போச்சு" என்று தாயார் ஒரே ஒரு தடவை சொன்னார். நகையைச் சொல்லவில்லை, உறுதியைச் சொன்னார். அது ஏன் என்று எனக்கு விளங்க நாற்பது ஆண்டு சென்றது.

யாழ்ப்பாணத்திலே சீதனம் பெண்ணின் பெயரில் எழுதப்படுவது. 1706, 1707ஆம் ஆண்டுகளில் கிளாஸ் ஐசாக்சு என்னும் ஒல்லாந்த திசாவை எழுதுவித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுத்தது. ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றனர். தாயின் வளவு மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று காணி தாய்வழியாக இறங்கும். ஆகவே, எந்தப் பதிவாளரும் கேளாத பெண்களின் பெயர்களை நொத்தாரிசுமார் எழுதிவைத்தார்கள். காணிக்காகத்தான் எழுதினார்கள், அன்புக்காக அன்று, இருந்தாலும் எழுதினார்கள். என் தாயார் அன்று இழந்தது அதைத்தான்.

சிறுவனின் கேள்விக்குப் பின், வலிகாமத்தில் எங்கள் ஊரிலே வாழும் ஒன்றுவிட்ட தமையனாருக்குக் கடிதம் எழுதினேன். பூட்டியை ஊரெல்லாம் 'ஆச்சி' என்றே அழைத்தபடியால் பெயர் தனக்கும் தெரியாது என்று பதில் வந்தது. மருமகள் மாமியின் பெயரைச் சொல்லமாட்டாள். மகள் தாயின் பெயரைச் சொல்லமாட்டாள். பேரப்பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. மரியாதை மிகுந்து மிகுந்து, ஒரு மனுசியின் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லாமற் போயிற்று. ஆனால் தமையனார் கடிதத்தோடு ஒரு பிரதியும் வைத்திருந்தார். 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, சைக்கிளில், பொலித்தீன் பையிற் சுற்றிக் கொண்டுபோன அவர் வீட்டு உறுதியின் பிரதி. 1919ஆம் ஆண்டுச் சீதன உறுதி. அது எங்கள் காணிக்குரியதன்று. எங்கள் காணிக்குத் தெற்கே உள்ள காணிக்குரியது.

உறுதி எழுதும் முறை உங்களுக்குத் தெரியும். காணியின் பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி. பின்பு நான்கு எல்லை. கிழக்கு ஒழுங்கை. மேற்கு இன்னார் காணி. தெற்கு இன்னார் காணி. வடக்கு, என் பூட்டனாரின் பெயர், 'பெண்சாதி' என்ற சொல், அதன் பின் ஒரு பெண்ணின் பெயர், 'காணியும்' என்று முடிந்திருந்தது. பூட்டனார் பெயர் எங்களுக்குத் தெரியும். அந்த வடக்குக் காணி என் பாட்டியாருக்குச் சீதனமாக வந்து, தாயாருக்கு இறங்கியது என்பதும் தெரியும். அந்தப் பெண் வேறொருவராக இருக்க வழியில்லை.

அந்தப் பெயரை நான் வாசித்தேன். அது என் தமக்கையாரின் பெயர்.

தமக்கையார் பிறந்தபோது அந்தப் பழங்காலப் பெயரை வைக்கவேண்டும் என்று பாட்டியார் பிடிவாதமாக நின்றாராம், காரணம் சொல்லவில்லையாம். வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்திலே தோழிகள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். தமக்கையார் அழுதுகொண்டு வருவார். மொன்றியலுக்குப் போனபின் அதை மூன்றெழுத்தாகக் குறுக்கி, அங்குள்ளவர்கள் வாய்க்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பெயர் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

அன்றிரவே தொலைபேசியிற் சொன்னேன். மறுபக்கத்தில் நெடுநேரம் பேச்சில்லை. பின்பு தமக்கையார் கேட்டார்: "அதுதானே அம்மம்மா என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை?"

உண்மைதான். பாட்டியார் அவரை எப்பொழுதும் 'பெரியபிள்ளை' என்றே கூப்பிடுவார். பெற்ற தாயின் பெயரை வாயாற் சொல்வது எப்படி?

சிறுவன் தன் மரத்திலே இரண்டு இடத்தில் ஒரே பெயரை எழுதிக் கொண்டுபோனான். ஆசிரியை அதைக் கைப்பிழை என்று நினைத்துச் சிவப்பு மையால் வட்டமிட்டாராம். அவன் எழுந்து நின்று, பேத்தி என்ற சொல்லுக்கு வகுப்பாருக்குப் பிரெஞ்சு மொழியிலே பொருள் சொன்னானாம். வட்டமிட்ட அந்தத் தாளைத் தமக்கையார் எனக்கு அனுப்பியிருக்கிறார்.